ஆர்டர் புத்தகம் நிரம்பியிருந்தால் போதுமா? சிப், நெட்வொர்க் பங்குகளை எதை வைத்து எடைபோடுவது

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. சேமிப்பில் பாதிக்கு மேல் நான்கு பங்குகளில் இருக்கிறது: ஒன்று ஏஐ கணக்கீட்டுக்கான ஜிபியு சிப் செய்யும் நிறுவனம், ஒன்று மெமரி சிப், ஒன்று டேட்டா சென்டரில் கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச், ஒன்று ஃபைபரில் ஒளியாகத் தகவல் அனுப்பும் ஆப்டிகல் பாகங்கள். நான்கும் வேறு வேறு தொழில், அதனால் ஆபத்து பரவிவிட்டது என்று நினைக்கிறீர்கள். அதில் மெமரி பங்கின் பிஇ விகிதம் (பங்கு விலை ஓராண்டு லாபத்தைப்போல எத்தனை மடங்கு என்பது) 6தான், அடுத்த ஆண்டுக்கான உற்பத்தி முழுவதும் இப்போதே விற்றுவிட்டது என்று நிர்வாகம் சொல்கிறது, எனவே மலிவாக இருக்கும்போதே இன்னும் வாங்கலாமா என்கிறீர்கள். கடைசி வரியில் எப்போது வெளியே வருவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாமா, விற்கலாமா என்பதற்கு உங்கள் வயது, கடன், வருமானம் எதுவும் தெரியாத ஒருவர் பதில் சொல்லக் கூடாது. ஆனால் கேள்விக்கு அடியில் இருக்கும் மூன்று நம்பிக்கைகளைச் சரிபார்க்க முடியும்: நான்கு பங்கு என்றால் நான்கு ஆபத்து, குறைந்த பிஇ என்றால் மலிவு, நிரம்பிய ஆர்டர் என்றால் உறுதியான தேவை. இந்தத் துறையில் மூன்றுமே பலமுறை பொய்த்திருக்கின்றன. மூன்றாவதுதான் மற்ற இரண்டுக்கும் வேர் என்பதால் அதற்கு அதிக இடம் கொடுக்கிறேன்.

முதலில் நான்கு பங்கு விஷயம். உங்கள் ஜிபியு நிறுவனத்தின் பெரிய வாடிக்கையாளர்கள் யார்? மைக்ரோசாஃப்ட், ஆல்ஃபபெட், அமேசான், மெட்டா போன்ற ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும் நிறுவனங்கள். அந்த ஜிபியுவோடு ஒட்டி வைக்கும் ஹெச்பிஎம் என்ற அதிவேக மெமரியை உங்கள் மெமரி நிறுவனம் விற்கிறது. அந்த ஜிபியுக்களை இணைக்கும் ஸ்விட்ச்சையும் அதே டேட்டா சென்டர் வாங்குகிறது. ஸ்விட்ச்சின் போர்ட்டில் (இணைப்புத் துளையில்) சொருகி மின்சைகையை ஒளியாக மாற்றும் டிரான்ஸ்சீவரில்தான் ஆப்டிகல் நிறுவனத்தின் லேசர் இருக்கிறது. நான்கு தொழில், ஆனால் பணம் புறப்படும் இடம் ஒன்று. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் டேட்டா சென்டர் போன்றவற்றில் போடும் மூலதனச் செலவு 2023இல் சுமார் 32 பில்லியன் டாலர், 2024இல் 52.5 பில்லியன், 2025இல் 90 பில்லியனைத் தாண்டியது. இந்த எண் ஏறும்போது உங்கள் நான்கு பங்கும் ஏறும், இறங்கினால் நான்கும் இறங்கும். ஸ்விட்ச் செய்யும் அரிஸ்டாவின் 2023 ஆண்டறிக்கையில் மெட்டா 21 சதவீதம், மைக்ரோசாஃப்ட் 18 சதவீதம் என்று வெளிப்படையாகவே இருந்தது. இரண்டே வாடிக்கையாளர்கள், வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள வாடிக்கையாளர்களை அமெரிக்காவில் பட்டியலிட்ட நிறுவனங்கள் ஆண்டறிக்கையில் சொல்லியாக வேண்டும். சில பெயரைச் சொல்லும், சில ‘வாடிக்கையாளர் ஏ’ என்று மட்டும் சொல்லும். உங்கள் நான்கு நிறுவனங்களின் அறிக்கையிலும் அந்தப் பத்தியைத் தேடி ஒரு தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இப்போது ஆர்டர் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். ஒரு வாடிக்கையாளருக்குக் காலாண்டுக்கு 1,000 ஸ்விட்ச் தேவை என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு சுமார் 77. ஆர்டர் கொடுத்துச் சரக்கு வர 10 வாரம் ஆகும் என்றால், எந்த நேரத்திலும் அவர் கொடுத்து இன்னும் வராமல் நிற்கும் ஆர்டர் 770 ஸ்விட்ச்சுக்கு இருக்கும். சிப் தட்டுப்பாடு வந்து காத்திருப்பு 40 வாரமாகிறது. இப்போது அவர் 40 வாரத்துக்கு முன்பே ஆர்டர் கொடுத்தாக வேண்டும், நிற்கும் ஆர்டர் 3,080 ஆகிறது. வாரத்துக்கு 77 என்ற தேவை ஒரு ஸ்விட்ச் கூட ஏறவில்லை, ஆனால் விற்பவரின் ஆர்டர் புத்தகம் நான்கு மடங்காகிவிட்டது. காலாண்டு கூட்டத்தில் நிர்வாகம் ‘வரலாறு காணாத ஆர்டர்’ என்று சொல்லும், அது பொய்யும் இல்லை. பிறகு உற்பத்தி பெருகிக் காத்திருப்பு மறுபடி 10 வாரத்துக்குத் திரும்புகிறது. வாடிக்கையாளர் ஏற்கெனவே கொடுத்த ஆர்டர் 40 வாரத்துக்குப் போதும். அவர் 30 வாரம், அதாவது இரண்டு காலாண்டுக்கு மேல், புது ஆர்டர் ஒன்றுகூடக் கொடுக்காமல் இருக்கலாம். அவருடைய டேட்டா சென்டரில் எந்தப் பிரச்சினையும் இல்லை, வேலை வழக்கம்போல நடக்கிறது. ஆனால் விற்பவருக்கு ஆர்டர் அறுந்து விழுகிறது. இதில் நான் ஏமாற்று எதையும் சேர்க்கவில்லை. தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரே தேவைக்கு இரண்டு மூன்று சப்ளையரிடம் ஆர்டர் போட்டுவிட்டு, முதலில் வருவதை எடுத்துக்கொண்டு மற்றதை ரத்து செய்வதும், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கிடங்கில் கூடுதலாக வாங்கி வைப்பதும் இந்தக் கணக்குக்கு மேலே ஏறும் சுமை.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. நெட்வொர்க் சாதனங்கள் செய்யும் சிஸ்கோவின் வருமானம் 2000 ஜூலையில் முடிந்த நிதியாண்டில் 18.9 பில்லியன் டாலர். ஆர்டர் குவிந்துகொண்டிருந்ததால் பாகங்களை முன்கூட்டியே வாங்கிக் குவித்தது. 2001 வசந்தத்தில் ஆர்டர் நின்றபோது சுமார் 2.2 பில்லியன் டாலர் மதிப்புள்ள சரக்கைக் கணக்கிலிருந்து எழுதித் தள்ள வேண்டி வந்தது. இணையம் வளரும் என்ற கணிப்பு தவறவில்லை, வளர்ந்தது. சிஸ்கோவும் அழியவில்லை, 2023 நிதியாண்டு வருமானம் 57 பில்லியன் டாலர், அதாவது மூன்று மடங்கு. ஆனால் 2000 மார்ச்சில் சுமார் 80 டாலர் கொடுத்து வாங்கியவர் அந்த விலையை மறுபடி பார்க்க 2025 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே நிறுவனத்தில் இதன் சின்ன அளவிலான மறுபதிப்பு 2023 நவம்பரில் நடந்தது. கொரோனாவுக்குப் பிந்தைய தட்டுப்பாட்டில் குவிந்த ஆர்டர்களை அனுப்பி முடித்ததும், வாடிக்கையாளர்கள் வாங்கிய பெட்டிகளைப் பிரித்துப் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள், ஒன்று இரண்டு காலாண்டுச் சரக்கு இன்னும் பொருத்தப்படாமல் நிற்கிறது என்று நிர்வாகம் சொல்லிக் கணிப்பைக் குறைத்தது. அடுத்த நிதியாண்டு வருமானம் 53.8 பில்லியனாக இறங்கியது. ‘டைஜஷன்’ என்று இத்துறையில் சொல்வது இதைத்தான். வாங்கியதைச் செரிக்கும் வரை புதிதாக வாங்குவதில்லை.

எனவே நிர்வாகம் ‘விற்றுத் தீர்ந்துவிட்டது’ என்று சொன்னால் நீங்கள் மனதில் வைக்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அந்த ஆர்டரை ரத்து செய்ய முடியுமா? முன்பணம் வாங்கியிருக்கிறார்களா? விலையும் நிர்ணயமாகிவிட்டதா, அளவு மட்டுமா? முன்பணம் வந்திருந்தால் அது ஐந்தொகையில் கடன்பொறுப்புப் பக்கத்தில் வாடிக்கையாளர் முன்பணமாகவோ, இன்னும் வருமானமாகக் காட்டாத தொகையாகவோ தெரியும். வாயால் சொன்ன ஒப்பந்தம் அங்கே தெரியாது. ரத்து செய்யவே முடியாது என்று எழுதிய ஒப்பந்தத்தைக்கூடத் தேவை சரிந்தபின் மறுபடி பேசித் தள்ளிப்போடுவது இத்துறையில் வழக்கம்தான். அடுத்த தலைமுறைப் பொருளையும் அதே வாடிக்கையாளருக்கு விற்க வேண்டியிருக்கும்போது வழக்குப் போட யாரும் விரும்புவதில்லை.

ஆர்டரை நம்ப முடியாது என்றால் எதைப் பார்ப்பது? சரக்கிருப்பு. காலாண்டு அறிக்கையில் இரண்டே எண் போதும்: ஐந்தொகையில் உள்ள சரக்கிருப்பு, லாபநட்டக் கணக்கில் உள்ள விற்ற பொருளின் அடக்கவிலை. முதலாவதை இரண்டாவதால் வகுத்து, காலாண்டின் நாட்களான 91ஆல் பெருக்குங்கள். சரக்கு 5 பில்லியன், காலாண்டு அடக்கவிலை 4 பில்லியன் என்றால் சுமார் 114 நாள். அடுத்த காலாண்டில் சரக்கு 6 பில்லியன், அடக்கவிலை 3.6 பில்லியன் என்றால் 152 நாள். ஒரே காலாண்டில் 38 நாள் கூடியிருக்கிறது. சரக்கு ஏறி விற்பனை இறங்கினால் கணக்கின் மேலும் கீழும் சேர்ந்து நகர்வதால் இந்த எண் வேகமாகக் காட்டிக்கொடுக்கும். இத்தனை நாள் இருந்தால் சரி என்று எல்லா நிறுவனத்துக்கும் ஒரே அளவு கிடையாது. மின்னழுத்தம், வெப்பம் போன்றவற்றைக் கையாளும் அனலாக் சிப் செய்பவரின் பொருள் பத்து ஆண்டு ஆனாலும் விலைபோகும் என்பதால் அவர் துணிந்து அதிகம் வைப்பார். ஜிபியு ஒரு ஆண்டில் பழசாகிவிடும். எனவே ஒரு நிறுவனத்தை அதன் சொந்தப் பழைய எட்டுக் காலாண்டோடு ஒப்பிடுங்கள், பக்கத்து நிறுவனத்தோடு அல்ல.

அதற்கும் உள்ளே போக வேண்டும். அறிக்கையின் குறிப்புகளில் சரக்கு மூன்றாகப் பிரிந்திருக்கும்: மூலப்பொருள், செய்முறையில் உள்ளது, முடிந்த சரக்கு. புதுப் பொருள் வெளிவரும் முன் செய்முறைச் சரக்கு ஏறுவது இயல்பு, ஏனென்றால் நவீன சிப் ஒன்று வேஃபராக (சிலிக்கான் தகடாக) நுழைந்து வெளிவரவே மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். முடிந்த சரக்கு ஏறினால்தான் கவலைப்பட வேண்டும். செய்து வைத்தாயிற்று, எடுக்க ஆள் இல்லை. அதே குறிப்புகளில் கொள்முதல் கடப்பாடு என்று இன்னொரு எண் இருக்கும். சொந்த ஃபேப் (சிப் தொழிற்சாலை) இல்லாத நிறுவனங்கள், பிறருக்குச் சிப் செய்து தரும் டிஎஸ்எம்சிக்கும் மெமரி நிறுவனங்களுக்கும் ‘இத்தனை வாங்குகிறேன்’ என்று முன்கூட்டியே கொடுத்த உறுதிமொழி அது. இன்னும் ஐந்தொகையில் ஏறாத சரக்கு என்றே அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஜிபியு நிறுவனமான என்விடியா 2025 ஏப்ரலில் முடிந்த காலாண்டில் சீனாவுக்கான ஹெச்20 சிப்புக்காக 4.5 பில்லியன் டாலர் இழப்பை எழுதியது. அமெரிக்க அரசு ஏற்றுமதிக்கு உரிமம் வேண்டும் என்று சொன்னதும் கையில் இருந்த சரக்கு, கொடுத்திருந்த கொள்முதல் உறுதிமொழி இரண்டும் சேர்ந்து நட்டமாகின. சரக்கை மட்டும் பார்த்திருந்தால் அதன் முழு அளவு தெரிந்திருக்காது.

எழுதித் தள்ளிய சரக்கு பிறகு என்ன ஆகிறது என்பதையும் கவனியுங்கள். பலர் தவறவிடும் இடம் இது. 100 டாலர் சரக்கை மதிப்பே இல்லை என்று எழுதிவிட்டு, இரண்டு காலாண்டு கழித்து 80 டாலருக்கு விற்றால் அந்த 80ம் முழு லாபமாகக் கணக்கில் வரும். கிராஸ் மார்ஜின் (விற்பனையில் அடக்கவிலை போக மிஞ்சும் சதவீதம்) திடீரென்று அழகாகத் தெரியும். நல்ல நிறுவனங்கள் ‘முன்பு எழுதித் தள்ளிய சரக்கை விற்றதால் இத்தனை நன்மை’ என்று தனியாகச் சொல்லும். மெமரி நிறுவனமான மைக்ரான் 2023 நிதியாண்டில் சுமார் 1.8 பில்லியன் டாலர் சரக்கை எழுதித் தள்ளியது, பிந்தைய காலாண்டுகளில் அதன் பலனைத் தனியே குறிப்பிட்டது. அப்படிச் சொல்லாத இடத்தில் மார்ஜின் ஏற்றத்தைப் பார்த்து உடனே மகிழ வேண்டாம்.

வரவேண்டிய பாக்கியையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள். விற்பனை 10 சதவீதம் ஏறி பாக்கி 40 சதவீதம் ஏறியிருந்தால், காலாண்டின் கடைசி வாரங்களில் சரக்கைத் தள்ளியிருக்கிறார்கள், அல்லது வாங்குபவருக்கு அதிக அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு காலாண்டில் வேறு காரணமும் இருக்கலாம். தொடர்ந்து மூன்று காலாண்டு என்றால் நிர்வாகத்தின் விளக்கத்தைத் தேடிப் படியுங்கள்.

இனி பிஇ 6 விஷயம். 2018 நிதியாண்டில் மைக்ரான் ஒரு பங்குக்கு 11.51 டாலர் சம்பாதித்தது. அந்த ஆண்டு நடுவில் பங்கு 60 டாலர் அளவில் இருந்தது. பிஇ ஐந்தரைக்கும் கீழே. ‘இவ்வளவு மலிவா’ என்று வாங்கியவர்கள் ஆண்டு முடிவில் 30 டாலர் அளவில் நின்றார்கள். லாபம் உச்சத்தில் இருந்ததால்தான் பிஇ சிறியதாகத் தெரிந்தது, அந்த லாபம் நிற்காது என்று சந்தை விலையில் முன்பே எழுதியிருந்தது. காரணம் மெமரியின் தன்மையிலேயே இருக்கிறது. ஒரு தரத்து டிராம் என்ற சாதாரண மெமரி சிப்பை சாம்சங்கிடம் வாங்கினாலும் எஸ்கே ஹைனிக்ஸிடம் வாங்கினாலும் மைக்ரானிடம் வாங்கினாலும் பெரும்பாலும் ஒரே வேலையைச் செய்யும், எனவே விலையைச் சந்தை தீர்மானிக்கிறது. செலவோ பெரும்பாலும் நிலையானது. ஃபேப்பையும் இயந்திரங்களையும் வாங்கியாயிற்று, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் தேய்மானம் (அவற்றின் விலையைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்துக் கழிக்கும் செலவு) ஏறும். ஆயிரம் ரூபாய் விற்பனை, அறுநூறு செலவு, நானூறு லாபம் என்று வையுங்கள். விலை மட்டும் 40 சதவீதம் இறங்கினால் விற்பனை அறுநூறு, செலவு அதே அறுநூறு, லாபம் காணாமல் போகிறது. 2022 நிதியாண்டில் மைக்ரானின் கிராஸ் மார்ஜின் 45 சதவீதம், அடுத்த ஆண்டு அது பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 9 சதவீதம். வருமானம் 30.8 பில்லியனிலிருந்து 15.5 பில்லியனாகப் பாதியானது, 5.8 பில்லியன் டாலர் நட்டம். பிறகு அதே நிறுவனம் 2025 நிதியாண்டில் 37.4 பில்லியன் வருமானம் பார்த்தது. இப்படிப்பட்ட தொழிலுக்கு ஒரு ஆண்டு லாபத்தை வைத்துப் போடும் பிஇ அர்த்தமற்றது. பங்கு அதன் புத்தக மதிப்பைப் (சொத்தில் கடன் போக மிஞ்சுவதை) போல எத்தனை மடங்கில் விற்கிறது, முந்தைய உச்சங்களிலும் பள்ளங்களிலும் எத்தனை மடங்கில் விற்றது என்று பாருங்கள். அல்லது ஒரு முழுச் சுற்றின் சராசரி லாபத்தை, நட்ட ஆண்டையும் சேர்த்து, எடுத்து பிஇ போடுங்கள். உங்கள் 6 அப்போது எத்தனையாக மாறுகிறது என்று நீங்களே பார்க்கலாம்.

இந்த முறை வேறு என்பவர்களிடம் நியாயமான வாதம் ஒன்று உண்டு. அதை ஒதுக்கிவிட்டால் நேர்மையாக இருக்காது. ஹெச்பிஎம் சாதாரண டிராம் போல இல்லை. பல டிராம் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்வது, ஒவ்வொரு ஜிபியுவுக்கும் தனியாகத் தகுதிச் சோதனை தேவை, ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு ஆண்டுக்கு முன்பே பேசி முடிக்கப்படுகிறது. ஒரே அளவு மெமரிக்கு, டிடிஆர்5 என்ற சாதாரண டிராம் எடுத்துக்கொள்ளும் வேஃபர் பரப்பைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு வேண்டும் என்று மைக்ரானே சொல்லியிருக்கிறது. அதனால் ஹெச்பிஎம் செய்யச் செய்ய மற்ற டிராமுக்கு இடம் குறைகிறது, அதன் விலையும் ஏறுகிறது. 2025இன் பின்பகுதியில் சாதாரண டிராம் விலை வேகமாக ஏறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இவ்வளவும் உறுதி. இதனால் மெமரியின் சுழற்சியே முடிந்துவிட்டதா என்பது உறுதியில்லை. விலை நன்றாக இருக்கும்போது மூவரும் ஃபேப் கட்டுவார்கள், ஒரு ஃபேப் எழும்ப இரண்டு மூன்று ஆண்டு ஆகும், எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து நிற்கும். முன்பு ஒவ்வொரு முறையும் நடந்தது அதுதான். சுழற்சியின் உயரமும் நீளமும் மாறியிருக்கலாம் என்ற அளவுக்கு நான் ஒப்புக்கொள்வேன், அதற்கு மேல் ஒப்புக்கொள்ள ஆதாரம் போதவில்லை.

சொந்த ஃபேப் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடும் இதே தேய்மானக் கணக்குதான். சொந்த ஃபேப்பில் அனலாக் சிப் செய்யும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நல்ல நிறுவனம், பொருளுக்கு நீண்ட ஆயுள். இருந்தும் 2022க்கும் 2024க்கும் இடையில் வருமானம் 20 பில்லியனிலிருந்து 15.6 பில்லியனாக இறங்கியபோது கிராஸ் மார்ஜின் சுமார் 69 சதவீதத்திலிருந்து 58க்கு வந்தது. புது ஃபேப்களின் தேய்மானம் ஏற, இயந்திரம் முழு வேகத்தில் ஓடவில்லை. ஃபேப் இல்லாத நிறுவனத்துக்கு இந்த அடி லேசாக விழும், பதிலாகக் கொள்முதல் உறுதிமொழி என்ற வடிவில் வேறு கதவு வழியாக வரும்.

நெட்வொர்க் பங்குகளில் வேறொரு நுணுக்கம் இருக்கிறது. ‘ஜிபியு விற்றால் ஸ்விட்ச்சும் ஆப்டிகலும் அதே விகிதத்தில் விற்கும்’ என்பது பாதி உண்மைதான். பிராட்காம் நிறுவனத்தின் டொமாஹாக் 5 என்ற ஸ்விட்ச் சிப்பின் வேகம் விநாடிக்கு 51.2 டெராபிட், அதாவது 800 கிகாபிட் போர்ட் 64. அடுத்து வந்த டொமாஹாக் 6 அதன் இரு மடங்கு, 102.4 டெராபிட், 800 கிகாபிட் போர்ட் 128. ஸ்விட்ச்களை இரண்டடுக்காக வைத்த நெரிசல் இல்லாத நெட்வொர்க்கில் எத்தனை முனைகளை (ஜிபியுக்களை) இணைக்கலாம் என்பது போர்ட் எண்ணிக்கையின் வர்க்கத்தில் பாதி. 64 போர்ட்டுக்கு 2,048 முனை, 128 போர்ட்டுக்கு 8,192. எனவே 8,000 ஜிபியுவை இணைக்கப் பழைய சிப்பில் மூன்றடுக்கு வேண்டியிருந்தது, புதிய சிப்பில் இரண்டடுக்கு போதும். மூன்றடுக்கில் ஒரு ஜிபியுவுக்கு மூன்று இணைப்பு, இரண்டடுக்கில் இரண்டு. ஒவ்வொரு ஃபைபர் இணைப்புக்கும் இரு முனையிலும் ஒரு டிரான்ஸ்சீவர் என்றால் ஆறு நான்காகிறது. ஸ்விட்ச் சிப் முன்னேறியதாலேயே ஒரு ஜிபியுவுக்கான ஆப்டிகல் தேவை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. க்ளஸ்டர்கள் (ஒன்றாக இணைத்த ஜிபியு கூட்டங்கள்) அதைவிட வேகமாகப் பெருத்தால் மொத்தத் தேவை ஏறும், பெருக்காவிட்டால் ஏறாது. அதேபோல என்விடியாவின் 72 ஜிபியு கொண்ட என்விஎல்72 ரேக்குக்குள் (அலமாரிக்குள்) ஜிபியுக்களை இணைப்பது செம்புக் கம்பிகள், ஐயாயிரத்துக்கு மேல். அங்கே ஆப்டிகலுக்கு வேலை இல்லை. ரேக்கைத் தாண்டினால்தான் ஃபைபர் வருகிறது.

இன்னொரு நகர்வு, மின்சைகையை ஒளியாக மாற்றும் பகுதியை ஸ்விட்ச் சிப்பின் பக்கத்திலேயே ஒரே பொட்டலமாக வைப்பது. என்விடியா 2025 மார்ச்சில் இப்படிப்பட்ட ஸ்விட்ச்களை அறிவித்தது. மின்சாரம் மிச்சமாகும் என்பது உறுதி. லேசரும் உள்ளேயே இருந்து பழுதானால் சொருகும் டிரான்ஸ்சீவரைப் போலக் கழற்றி மாற்ற முடியாதே என்ற பயமும் இருக்கிறது, அதற்காகத்தான் லேசரை மட்டும் வெளியே வைக்கும் வடிவங்கள் வந்திருக்கின்றன. உங்கள் ஆப்டிகல் நிறுவனம் டிரான்ஸ்சீவரை முழுதாகக் கட்டி விற்கிறதா, அல்லது உள்ளே இருக்கும் லேசரைச் செய்கிறதா என்று பாருங்கள். இந்த மாற்றம் வேகமெடுத்தால் முதல் வகைக்கு அடி, இரண்டாம் வகைக்கு வேலை தொடரும். எவ்வளவு வேகம் என்பதை இப்போது யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. இன்ஃபினிபேண்டா ஈதர்நெட்டா (இரண்டும் டேட்டா சென்டருக்குள் கணினிகளை இணைக்கும் முறைகள், முதலாவதில் என்விடியா முன்னணி) என்ற சண்டையில் 2023இல் தொடங்கிய அல்ட்ரா ஈதர்நெட் கூட்டமைப்பு தன் முதல் விதித்தொகுப்பை 2025இல் வெளியிட்டபின் காற்று ஈதர்நெட் பக்கம் வீசுகிறது. என்விடியாவும் ஈதர்நெட் ஸ்விட்ச் விற்பதால் இதை வைத்து ஒரு நிறுவனம் வெல்லும், இன்னொன்று தோற்கும் என்று கோடு போட முடியாது.

பெரிய சந்தேகம் பணம் புறப்படும் இடத்தில்தான். 2000இல் சாதனம் வாங்கிய பல தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கடன் வாங்கி வாங்கின. விற்பவரே கடன் கொடுத்த கதையும் உண்டு. சாதனம் செய்யும் லூசென்ட் கடன் கொடுத்து விற்ற தொலைத்தொடர்பு நிறுவனமான வின்ஸ்டார் 2001 ஏப்ரலில் திவாலானது. இன்றைய பெரிய கிளவுட் நிறுவனங்கள் பெரும்பாலும் தங்கள் தொழிலில் வரும் பணத்தில் செலவழிக்கின்றன, அது பெரிய வேறுபாடு. ஆனால் ஓரத்தில் அது மாறிவருகிறது. ஆரக்கிள் 2025 செப்டம்பரில் 18 பில்லியன் டாலருக்குக் கடன் பத்திரம் விற்றது. அதே மாதம் என்விடியா தன் சிப்பைப் பயன்படுத்தும் ஓப்பன்ஏஐயில் 100 பில்லியன் டாலர் வரை முதலீடு செய்யும் எண்ணத்தை அறிவித்தது. விற்பவரின் பணம் சுற்றி வந்து விற்பனையாகிறதா என்று கேட்பது நியாயமான கேள்வி. தேய்மானத்தையும் பாருங்கள். 60 பில்லியன் டாலர் சர்வர்களை ஆறு ஆண்டில் கழித்தால் ஆண்டுக்கு 10 பில்லியன் செலவு, நான்கு ஆண்டில் கழித்தால் 15. 2025 ஜனவரி முதல் மெட்டா சர்வர் ஆயுளை ஐந்தரை ஆண்டாக நீட்டியது. அதே ஜனவரியில் அமேசான் ஒரு பகுதி சர்வர்களுக்கு ஆறிலிருந்து ஐந்தாகக் குறைத்தது, ஏஐ வளர்ச்சியின் வேகத்தைக் காரணமாகச் சொன்னது. ஒரே பொருளைப் பற்றி இரண்டு பெரிய வாங்குபவர்கள் எதிரெதிர் திசையில் முடிவெடுத்திருக்கிறார்கள். இதில் யார் சொல்வது சரி என்பதற்கான விடை இன்னும் இரண்டு மூன்று ஆண்டில்தான் தெரியும்.

எப்போது வெளியே வருவது என்றீர்கள். உச்சத்தைப் பிடிக்கும் முறை என்று எதுவும் கிடையாது. இருப்பதாகச் சொல்பவரிடமிருந்து விலகியிருங்கள். சிப் பங்குகள் தொழில் திரும்புவதற்கு ஆறு மாதம் முன்பே திரும்பிவிடுவது வழக்கம், அதனால் வருமானம் இறங்கக் காத்திருந்தால் தாமதமாகிவிடும். உலக சிப் விற்பனை 2022இல் 574 பில்லியன் டாலர் என்று அதுவரை இல்லாத உச்சம், ஆனால் சிப் பங்குகளின் விலையைக் காட்டும் பிலடெல்பியா செமிகண்டக்டர் குறியீடு அந்த ஆண்டே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்தது. அடுத்த ஆண்டு விற்பனை 527 பில்லியனாக இறங்கியது, குறியீடோ அப்போது ஏறிக்கொண்டிருந்தது. செய்ய முடிந்தது, காலாண்டுக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் ஒதுக்குவது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் கடைசி வாரங்களில் கிளவுட் நிறுவனங்கள் முடிவுகளை வெளியிடும்போது, அடுத்த ஆண்டு மூலதனச் செலவு பற்றி என்ன சொல்கிறார்கள், அதன் வளர்ச்சி வேகம் கூடுகிறதா குறைகிறதா என்று எழுதி வையுங்கள். செலவு இறங்க வேண்டியதில்லை, ஏறும் வேகம் குறைந்தாலே உங்கள் பங்குகளுக்கு வலிக்கும். 70 சதவீத வளர்ச்சி 20 சதவீதமானால் வாங்குபவருக்கு அது வளர்ச்சிதான், ஆனால் 70ஐ நம்பி விலை கொடுத்தவருக்கு அது ஏமாற்றம். டிஎஸ்எம்சி ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி வாக்கில் முந்தைய மாத விற்பனையை வெளியிடுகிறது. ஒரு மாதத்தை வைத்து முடிவெடுக்காமல் மூன்று மாதத்தைச் சேர்த்து முந்தைய ஆண்டோடு ஒப்பிடுங்கள். பிறகு உங்கள் நான்கு நிறுவனங்களின் சரக்கிருப்பு நாள், முடிந்த சரக்கு, கொள்முதல் கடப்பாடு, பாக்கி ஆகிய நான்கு எண்களை ஒரே தாளில் ஏற்றுங்கள்.

மெமரி பங்கைப் பொறுத்தவரை என் கருத்து இது. பிஇ 6 என்ற ஒரே காரணத்துக்காக இன்னும் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஹெச்பிஎம் ஒப்பந்தங்களில் விலையும் முன்பணமும் எழுத்தில் இருக்கிறதா, மூன்று நிறுவனங்களும் அறிவித்திருக்கும் புது ஃபேப்கள் எந்த ஆண்டு ஓடத் தொடங்கும் என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது வேறொன்று இருக்கிறது. நான்கு பங்கையும் ஒரே பங்காக நினைத்து, அது பாதியானால் உங்கள் மொத்தச் சேமிப்பில் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போடுங்கள். சேமிப்பில் 60 சதவீதம் இங்கே இருந்தால் 30 சதவீதம் போகும். 2000க்கும் 2002க்கும் இடையில் பிலடெல்பியா குறியீடு 80 சதவீதத்துக்கு மேல் விழுந்தது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள், அப்போது போவது 48 சதவீதம். அந்தத் தொகை ஐந்தாறு ஆண்டுக்குள் உங்களுக்குத் தேவைப்படும் பணம் என்றால், எந்தப் பங்கை விற்பது என்ற கேள்வியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மொத்தத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை.